தையல் டீச்சர் கணிதம் எடுத்த கதை

நஜ்முன் நிஸா டீச்சருக்கும் கணக்குக்கும் சின்ன வயதிலிருந்தே கதைபேச்சு இல்லை. ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றியவர், எட்டாம் வாய்ப்பாட்டில் கால் இடறி விழுந்தார். அதன்பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆகியிருந்த அந்தக் காலத்தில், பெண்பிள்ளைகள் கணிதம் எடுக்காமலே பெரிய சோதனையில் சித்தியடைய வழியிருந்தது. தமிழ், சமயம், சரித்திரம், மனையியல் என்று சுற்றிவளைத்துக் கரையேறிவிடலாம். அவர் அப்படித்தான் கரையேறினார். பிறகு தையல் பயிற்சி. பிறகு சொந்த ஊரான மூதூரிலேயே, பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலை.

கல்யாணமும் உள்ளூரில்தான். குடாவைக் கடந்து மூதூருக்கும் திருகோணமலைப் பட்டினத்துக்கும் ஓடுகிற பயணிகள் படகான லோஞ்சில் எஞ்சின் பார்க்கிற ஸெய்னுதீன் மாப்பிள்ளையானார். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டுக்கே குடிவந்தார். பெரிய குரல், பெரிய சிரிப்பு, எத்தனை தடவை சவர்க்காரம் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு நகத்தில். மாமியார் ஆமினா உம்மாவோடு அவருக்கு நல்ல ஒட்டு. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு டீச்சரைக் கிண்டல் பண்ணுவார்கள். இப்படியே ஊசியும் நூலுமாக ஓய்வூதியம் வரைக்கும் போய்ச் சேரலாம் என்றுதான் டீச்சர் இருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் புதிய கல்விச் சட்டம் வந்தது.

எழுபத்திரண்டில் கொழும்பில் பிறந்த சட்டம் அது. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் சேர்த்த பிள்ளையை இனி ஆறு வயதில்தான் சேர்க்கலாம். பத்தாம் வகுப்பில் எழுதிய பழைய சோதனை இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே தேசியச் சான்றிதழுக்கான சோதனை. ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஆண் என்றும் பெண் என்றும், பட்டினம் என்றும் கிராமம் என்றும் பேதமில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும். விஞ்ஞானம் கட்டாயம், தொழில் பாடம் ஒன்று கட்டாயம், கணிதம் கட்டாயத்திலும் கட்டாயம்.

நல்ல சட்டம்தான். ஆனால் படிப்பிக்க ஆள் வேண்டுமே. பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடங்களிலேயே கணித வாத்தியாருக்குத் தட்டுப்பாடு. மூதூருக்கென்று நியமனம் பெற்ற ஒருவர் மாரிக் கடலில் லோஞ்ச் ஏறி வந்தார். வந்த வேகத்தில் ஜெற்றித் துறையில் குந்தியிருந்து சத்தியெடுத்தார். சத்தியெடுத்து முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அதே லோஞ்சில் திரும்பிப் போனவர் போனவர்தான். பள்ளிக்கூட அதிபர் சரீப் மாஸ்டர் இரண்டு வருடம் சாக்குப்போக்குச் சொல்லிச் சமாளித்தார். எழுபத்துநாலு தை மாதம், இனிமேல் சமாளிக்க முடியாது என்று மேலிடத்திலிருந்து கண்டிப்பாக ஒரு சுற்றறிக்கை வந்தது. சரீப் மாஸ்டர் தன்னுடைய ஆசிரியர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். புதிய சட்டம் தையல் பாடவேளைகளில் பாதியைப் பிடுங்கிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் கை ஓய்ந்திருந்த ஒரே ஆள் நஜ்முன் நிஸா டீச்சர்.

"டீச்சர், இரிங்க," என்றார் சரீப் மாஸ்டர். கதிரையை அவரே இழுத்துப் போட்டார். அதிலேயே டீச்சருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஆறாம் வகுப்புக்கு நீங்கதான் கணிதம் எடுக்கணும்."

"சேர், எனக்கு ஏலாது."

"ஏலாதெண்டு சொல்ல ஏலாது டீச்சர். சட்டம்."

"சட்டம் எனக்குக் கணக்குத் தெரியுமெண்டு சொல்லுதா சேர்? நான் சோதனைக்குக் கணிதமே எடுக்கல்ல."

"அது ஆருக்குத் தெரியும்? புள்ளைகளுக்கும் தெரியாதுதானே. ரெண்டு பேரும் ஒண்டாத் தொடங்குங்க," என்று சொல்லிவிட்டு, மெழுகுத் தாளில் தட்டச்சடித்துப் பிரதியெடுத்த ஆசிரியர் வழிகாட்டி ஒன்றை நீட்டினார் சரீப் மாஸ்டர். அதன் மை இன்னும் கையில் ஒட்டியது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஆமினா உம்மா வெற்றிலை போடுவதையே நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். "நீயா? கணக்கா?" அவ்வளவுதான் கேட்டார். ஸெய்னுதீன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "படிப்பிக்கத் தொடங்கினாத் தானா வரும் புள்ள. நான் மட்டும் எஞ்சின் படிச்சிட்டா எஞ்சினத் தொட்டனான்?" என்றார். பயணிகளின் நிம்மதிக்கு அந்த உண்மை வெளியே தெரியாமல் இருப்பது நல்லது என்று டீச்சருக்குத் தோன்றியது.

வழிகாட்டியின் முதலாம் அத்தியாயத்தில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. புதிய கணிதமாம். பொருள்களைச் சேர்த்துக் கூட்டமாக நினைத்துப் பார்க்கிற கணிதம். அந்தக் கூட்டத்துக்குக் கொழும்பில் இருந்த தமிழறிஞர்கள் தேடிப்பிடித்து வைத்திருந்த பெயர், தொடை.

டீச்சர் கரும்பலகையில் அதை எழுதினார். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்றது. "தொடை என்றால் என்ன?" என்று வழிகாட்டியில் உள்ளபடியே வாசித்தார். நடுவரிசை முழுவதும் தாவணியை வாயில் திணித்துக்கொண்டது. டீச்சருக்கே காது சுட்டது. கண்ணை வழிகாட்டியை விட்டு எடுக்காமல் வேகவேகமாக வாசித்துக்கொண்டு போனார்: தொடைப்பிரிவு, சமதொடை, சூனியத் தொடை.

முன்வாங்கில் இருந்த றஹ்மா கையை உயர்த்தினாள். நெல்லு மில் வைத்திருந்த இஸ்ஸதீன் முதலாளியின் மகள். எதையும் கேட்காமல் விடாத பிள்ளை. கேள்வியில் குறும்பு கிடையாது, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு.

"டீச்சர், தொடைக்குச் சூனியம் வெச்சா என்ன டீச்சர் நடக்கும்?"

வகுப்பு இடிந்து விழுந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கதைக்குக் காலும் கையும் முளைத்து அது ஊருக்குள் போக நெடுநேரம் பிடிக்கவில்லை. அடுத்த நாள் காலை இஸ்ஸதீன் முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அதிபரின் அறைக்கு வந்து நின்றார்.

"சேர், இது பொம்பிளப் புள்ளைகள் படிக்கிற இடம். தொடையப் பத்திப் படிப்பிக்கிறாங்களாம். அது போதாதெண்டு சூனியமும் படிப்பிக்கிறாங்களாம். இதுதான் புதுச் சட்டமா?"

சரீப் மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு டீச்சருக்கு ஆள் அனுப்பினார். டீச்சர் வழிகாட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென்று கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் முதலாளி நின்ற தோரணையைப் பார்த்ததும் வேறு ஏதோ ஒன்று வந்துவிட்டது.

"முதலாளி, பூத் தொடுக்கிறம்தானே. தொடுத்தது தொடை. உங்கட மில்லுல நெல்லு மூட்டையெல்லாத்தையும் ஒரு மூலையில சேத்து வெச்சிருக்கீங்க. அது நெல்லு மூட்டைத் தொடை. அரிசி மூட்டையெல்லாம் வேற மூலையில. அது அரிசி மூட்டைத் தொடை. இவ்வளவுதான்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அப்ப சூனியம்?"

"உங்கட மில்லுல நெல்லுப் புடைக்கிற பொம்பிளைகள்ல மீசை வெச்ச ஆக்கள் எத்தினை பேர்?"

"என்ன கத இது? ஒருத்தரும் இல்ல."

"அந்த ஒருத்தருமில்லாத கூட்டம்தான் சூனியத் தொடை."

கூட வந்தவர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். சரீப் மாஸ்டர் இருமுவது போல் வாயைப் பொத்தினார். இஸ்ஸதீன் முதலாளி சிரிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். ஆனால் அன்று பின்னேரம் மில்லுக்குப் போனவர், மூட்டைகளைக் காட்டிக் கணக்கப்பிள்ளைக்குத் தொடை விளக்கிக்கொண்டிருந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நஜ்முன் நிஸா டீச்சர் வீட்டுக்குப் போய்க் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் இருந்து யோசித்தார். மீசையை வைத்து ஒரு நாளைத் தள்ளிவிட்டார். மீதி அத்தியாயங்களுக்கு என்ன செய்வது? வழிகாட்டியின் பின்பாதியைத் திறந்தால் எழுத்தும் எண்ணும் கைகோத்துக்கொண்டு நின்றன; அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த நேரம் பட்டினத்தில் புதிய பாடத்திட்டத்துக்கு ஆசிரியர்களைப் பழக்கும் கருத்தரங்கு ஒன்று வைத்தார்கள். சரீப் மாஸ்டர் டீச்சரை அனுப்பினார். கணவரின் லோஞ்சிலேயே போய் இறங்கி, ஒரு பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில், ஆண்கள் கூட்டத்துக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விளக்கம் கொடுக்க வந்தவர் டீச்சரைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பட்டினத்துப் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பிக்கிற புஷ்பவதி. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, எதிரில் இருப்பவர் யார் என்றெல்லாம் பார்க்காத வாய்.

"விளங்காத ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஒருவரும் உயர்த்தவில்லை. மீசை நரைத்த வாத்தியார்மார் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். நஜ்முன் நிஸா டீச்சர் மட்டும் உயர்த்தினார்.

"எது விளங்கேல்லை?"

"எல்லாமே."

மண்டபம் சிரித்தது. புஷ்பவதி சிரிக்கவில்லை. கருத்தரங்கு முடிந்ததும் நேராகக் கடைசி வரிசைக்கு வந்தார். "நீங்கள் எங்கயிருந்து வந்தனீங்கள்?"

"மூதூரில இருந்து வந்தனான். நான் தையல் டீச்சர். கணிதம் படிச்சதே இல்ல."

"அப்ப நல்லது. பிழையாப் படிச்சு வைக்கேல்லைத்தானே. இஞ்ச இருக்கிற பாதிப் பேருக்கு முதல்ல படிச்சதை மறக்கப் பண்ணவேணும், பிறகுதான் படிப்பிக்கவேணும். சனிக்கிழமையில வீட்டுக்கு வாங்கோ."

"நான் பதிலுக்கு என்ன செய்யட்டும்?"

புஷ்பவதி தன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். தையல் பிரிந்த இடத்தைச் சட்டைப்பின் ஒன்று பிடித்துக்கொண்டு நின்றது. "எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது."

அப்படித்தான் அது தொடங்கியது. சனிக்கிழமைகளில் காலை லோஞ்சில் போவது, பின்னேர லோஞ்சில் திரும்புவது. புஷ்பவதியின் வீட்டு மேசையில் ஒரு பக்கம் கணிதப் புத்தகம், மறுபக்கம் வெட்டிய சட்டைத் துணி. புஷ்பவதி நல்ல ஆசிரியர்தான், ஆனால் பொறுமை கொஞ்சம் மட்டு. "இதென்னப்பா, கழித்தல் கூட்டலாப் போச்சு? உங்கட கடதாசியில சைபருக்குக் கீழான மறை எண்ணெல்லாம் மறைஞ்செல்லோ போகுது!" என்று கத்துவார். அடுத்த நிமிடம் அவரே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார். நோன்பு மாதத்தில் நஜ்முன் நிஸா பட்டினியோடு வந்திருக்கிறார் என்று தானும் தேத்தண்ணீர் குடிக்காமல் இருந்தார். அந்த நாட்களில்தான் வழக்கத்தைவிட அதிகம் கத்தினார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் இரண்டு சமன்பாடுகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கட்டினார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார், ஒரு எழுத்து காணாமல் போனது. மிஞ்சிய எழுத்துக்கு விடை நாலு. அதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தால், இரண்டு பக்கமும் சொல்லிவைத்தது போல் சரியாக நின்றது. டீச்சர் பென்சிலை வைத்துவிட்டு அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இப்படி ஒரு சந்தோசம் தனக்கென்று எங்கேயோ காத்துக்கொண்டிருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"என்ன, அழுறீங்களோ?" என்றார் புஷ்பவதி.

"இல்ல. விடை வந்திட்டுது."

பள்ளிக்கூடத்தில் அவர் எப்போதும் பிள்ளைகளைவிட ஒரு கிழமைதான், ஏழே நாள்தான், முன்னால் நின்றார். சில கிழமைகளில் அந்த ஒரு கிழமையும் இல்லை. றஹ்மா கேள்வி கேட்பாள். டீச்சர், "நல்ல கேள்வி, திங்கக்கிழமை சொல்றன்," என்பார். சனிக்கிழமை அந்தக் கேள்வி குடாவைக் கடந்து பட்டினம் போய், ஞாயிற்றுக்கிழமை பதிலோடு வீட்டில் இருக்கும். பிறகு மேல்வகுப்புகளின் கணிதமும் அவர் தலையிலேயே வந்து விழுந்தது. ஒன்பதாம் வகுப்புச் சோதனைக்கு முதன்முதலாகப் போன பிள்ளைகளில் பெரும்பாலானோர் கணிதத்தில் கவிழ்ந்தார்கள். ஆனால் சிலர் தப்பினார்கள். மூதூரில் அதற்குமுன் பெண்பிள்ளை ஒன்று கணிதத்தில் சித்தியடைந்ததாகப் பேச்சே இல்லாததால், கவிழ்ந்தவர்களை ஒருவரும் எண்ணவில்லை.

எழுபத்தேழில் அரசாங்கம் மாறியது. அதோடு கல்விச் சட்டமும் மாறியது. ஒன்பதாம் வகுப்புச் சோதனை வேண்டாம், பழையபடி பத்தாம் வகுப்பில் சாதாரண தரச் சோதனை என்றார்கள். ஐந்து வயதுப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் வரலாம் என்றார்கள். "அஞ்சு, ஆறு, திரும்ப அஞ்சு. புள்ளைகள் வளர்றதா சுருங்குறதா?" என்று கேட்டார் ஆமினா உம்மா.

கணிதம் மட்டும் கட்டாயமாகவே இருந்தது. பத்தாம் வகுப்புக்குப் போனது றஹ்மாவின் வகுப்பு. மகள் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்துவது என்றுதான் இஸ்ஸதீன் முதலாளி முதலில் முடிவெடுத்திருந்தார். ஆனால் மில்லில் மகள் கணக்குப் பார்க்கிற வேகத்தைப் பார்த்தவர், அந்த முடிவைப் பற்றிப் பிறகு பேசவேயில்லை.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரிதான் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டார். "பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறது யார்? அவருடைய தகைமை என்ன?"

சரீப் மாஸ்டர் கடலைப் பார்த்தார்.

சாதாரண தரத்தில் கணிதத்தில் வெறும் சித்திக்கு மேலான திறமைச் சித்தியாவது இல்லாதவர் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கக்கூடாது என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. வேறு ஆள் தருவீர்களா என்று சரீப் மாஸ்டர் கேட்டதற்கு, இல்லை என்றார். அப்படியென்றால் என்ன செய்வது என்றதற்கு, ஆள் கிடைக்கும் வரை இவரே எடுக்கட்டும், ஆனால் எடுப்பதாகப் பதியக்கூடாது என்றார்.

"எடுக்கலாம், ஆனா எடுக்கக்கூடாது," என்று டீச்சர் வீட்டில் வந்து சொன்னார். "நாலு வருசமா எடுத்தது எடுக்காததாகிட்டுது."

"அப்ப அந்தச் சோதனைய எழுது புள்ள," என்றார் ஸெய்னுதீன், ஏதோ கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா என்பது போல.

"என்ட புள்ளைகளோட சேந்தா? அதே மண்டபத்திலயா?"

"கடலுக்கு ஆரு வாத்தியார், ஆரு புள்ள எண்டு தெரியுமா? விழுந்தா எல்லாரும் நீந்தத்தானே வேணும்."

"கவிழ்ந்தா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் எல்லாரையும் விடப் பெரிசாச் சிரிச்சு அமுக்கிவிடுறன்."

எழுபத்தெட்டு மார்கழியில், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்த நஜ்முன் நிஸா டீச்சர், வெள்ளைச் சேலையும் முக்காடுமாகப் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைந்தார். நுழைந்ததுதான் தாமதம், வரிசை வரிசையாக இருந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர்!" என்றார்கள். பழக்கதோசம்.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் ஞானசேகரம் இதைப் பார்த்து மகிழ்ந்துபோனார். மண்டபத்துக்கு உதவிக்கு ஒரு டீச்சர் வேண்டுமென்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். "வாங்கோ டீச்சர், நல்ல நேரம் வந்தீங்கள். இந்தத் தாளுகளைப் பின்வரிசைக்குக் குடுங்கோ," என்று கட்டொன்றைக் கையில் திணித்தார்.

"சேர், நான் சோதனை எழுத வந்தனான்."

ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தாள்கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவரே முன்னால் நடந்து டீச்சரின் மேசையைக் காட்டினார். போகும்போது மெல்லிய குரலில், "பதறாம எழுதுங்கோ," என்றார்.

பதறாமல் இருக்க முடியவில்லை. முதல் பக்கம் நன்றாகத்தான் போனது. ஏழாவது வினாவில் ஒரு கேத்திரகணித நிறுவல். போன கிழமைதான் இதைக் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு நிறுவிக் காட்டியிருந்தார். இப்போது உருவத்தை வரைந்துவிட்டு உட்கார்ந்திருந்தால், ஒரு வரி வரவில்லை. முக்கோணம் அவரைப் பார்த்தது, அவர் முக்கோணத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் இரண்டு மேசை தள்ளி றஹ்மா எழுந்து, மேலதிகத் தாள் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தாள் கேட்டாள். என் பிள்ளை தாள் கேட்கிறாள் என்று ஒரு நெஞ்சு பூரித்தது. எனக்கு இந்த ஒரு தாளே நிரம்பவில்லையே என்று அதே நெஞ்சு இடித்தது.

பெறுபேறு வந்தபோது ஊருக்கே ஒரே நாளில் தெரிந்துவிட்டது. றஹ்மாவுக்கு அதிதிறமைச் சித்தி. இன்னும் சில பிள்ளைகளுக்குத் திறமைச் சித்தி. அவர்களுக்குக் கணிதம் படிப்பித்த டீச்சருக்கு, சாதாரண சித்தி.

ஸெய்னுதீன் வாக்குக் கொடுத்தபடி பெரிதாகச் சிரிக்கத்தான் பார்த்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை. "சித்திதானே புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். டீச்சர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேவைக்கு அதிகமாகவே வெங்காயம் உரித்தார். தோற்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தான் ஏற்றிவிட்ட பிள்ளைகள் எல்லாம் மேலே நிற்க, தான் மட்டும் கீழ்ப்படியில் நிற்பது போல் இருந்தது.

பின்னேரம் றஹ்மா வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய இனிப்புத் தொதல். வாசலில் நின்றுகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர்தான் அவளை உள்ளே கூப்பிட்டு, ஒரு துண்டு தொதலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், நீங்க ஏழாவது கணக்க எப்பிடிச் செஞ்ச?"

"செய்யல்ல. மறந்திட்டன்."

"நாங்க எல்லாரும் அதத்தான் முதல்ல செஞ்ச டீச்சர். நீங்க சோதனைக்கு முந்தின கிழமை செஞ்சு காட்டின கணக்குத்தானே. நீங்க சொன்ன மாதிரியே எழுதின."

டீச்சர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். பிறகு ஒரு கடதாசி எடுத்து வரச் சொன்னார். இரண்டு பேரும் பாயில் குந்தியிருந்து அந்த நிறுவலை முழுவதும் எழுதினார்கள். எந்த இடத்தில் தான் வழிதவறினார் என்று டீச்சருக்குத் தெரிந்தது. ஒரு கோட்டை நீட்டியிருக்க வேண்டும், நீட்டவில்லை. அவ்வளவுதான். ஒரு கோட்டுக்காகவா காலையிலிருந்து வெங்காயம் உரித்தேன் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. தொதல் தட்டு காலியானது.

அடுத்த சனிக்கிழமை புஷ்பவதி எதுவும் ஆறுதல் சொல்லவில்லை. "கேத்திரகணிதத்தில விட்டிட்டீங்கள். சரி. இந்த முறை அதிலதான் தொடங்குறம்," என்றார். தொடங்கினார். வருடம் முழுவதும் கத்தினார்.

எழுபத்தொன்பது மார்கழியில் டீச்சர் மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை ஏழாவது, எட்டாவது என்று எதற்கும் அவர் பயப்படவில்லை. ஊர்க் கண்ணுக்கு மட்டும் பயந்து, பெறுபேற்றை அனுப்புவதற்குப் புஷ்பவதியின் முகவரியைக் கொடுத்திருந்தார். அது வந்த கிழமை டீச்சர் போனபோது, புஷ்பவதி வாசலிலேயே நின்றார். அதைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். திறமைச் சித்தி.

பின்னேர லோஞ்ச் நிறையச் சனம். ஆடு, கோழி, மரக்கறிச் சாக்கு, வைத்தியசாலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். டீச்சர் எல்லோரையும் விலக்கிக்கொண்டு எஞ்சின் அறை வாசலுக்குப் போய்க் குனிந்தார்.

"திறமைச் சித்தி!"

ஸெய்னுதீன் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தார்.

"திறமைச் சித்தி கிடைச்சிட்டுது!"

"ஆருட சித்தி?"

"என்ட!"

"உன்ட சித்தியா? அவவுக்கு என்ன?"

டீச்சர் இன்னும் சத்தமாகக் கத்த மூச்சை இழுத்தார். அதே கணம், மனைவிக்குத் துக்கச் செய்தி ஏதோ வந்துவிட்டது என்று பயந்துபோன ஸெய்னுதீன் எஞ்சினை நிறுத்திவிட்டார். குடாவின் நடுவில், அந்தத் திடீர் அமைதியில், நஜ்முன் நிஸா டீச்சரின் குரல் லோஞ்ச் முழுவதும் கேட்டது:

"எனக்குக் கணிதத்தில திறமைச் சித்தி!"

பிறகு ஸெய்னுதீன் சிரிக்கத் தொடங்கினார். கரைக்கே கேட்கும் சிரிப்பு. கூரைமேல் இருந்த பொடியன்மார் விசில் அடித்தார்கள். ஒரு மூலையில் சாக்குகளோடு இருந்த இஸ்ஸதீன் முதலாளி எழுந்து நின்று, "எங்கட டீச்சர்! என்ட மகளுக்குப் படிப்பிச்சவ!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லோஞ்ச் காற்றுக்குச் சுற்றத் தொடங்கியதும் சுக்கான் பிடிக்கிற தண்டையல் மேலேயிருந்து ஏசினார். எஞ்சின் மறுபடி பிடித்தது. டீச்சர் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். உள்ளுக்குள் அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பத்தாம் வகுப்பு அவருடைய பெயரில் பதியப்பட்டது. தகைமை கேட்ட அதிகாரி அதற்குள் இடமாற்றமாகிப் போயிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் வேறொரு சுற்றறிக்கையோடு வந்தார். அதில் கேட்டிருந்த பயிற்சிக்கும் டீச்சர் போனார். இந்தத் தடவை மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தார். றஹ்மா பட்டினத்தில் உறவினர் வீட்டில் தங்கி உயர்தரத்துக்குக் கணிதமே எடுத்தாள். புஷ்பவதி தைக்கப் பழகவேயில்லை. பழக விருப்பமும் இல்லை.

எண்பத்திரண்டாம் வருடம் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு தையல் டீச்சர் நியமனம் பெற்று வந்தார். பயந்த முகத்துடன் ஒரு சின்னப் பெண். நஜ்முன் நிஸா டீச்சர் தையல் அறையின் பூட்டையும் திறப்பையும் அவளிடம் கொடுத்து, மெசின் எங்கே இறுகும், எந்த வகுப்பு வாய் காட்டும் என்றெல்லாம் சொல்லி, "வேற பாடம் ஏதும் எடுக்கச் சொல்லிக் கேட்டா ஓம் எண்டு சொல்லுங்க," என்றார். பிறகு சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு பத்தாம் வகுப்பை நோக்கி நடந்தார். அன்றைக்குத் திரிகோணகணிதம் தொடங்குகிற நாள்.